ஃபில்டரில் கிடைக்காத பாணி: கேமரா கேள்வி – பதில்

கேள்வி: கேமரா வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இன்னும் ஆட்டோவில்தான் எடுக்கிறேன். மேனுவலுக்கு மாறினால்தான் தொழில் தெரிந்தவன் என்று நண்பர்கள் விரட்டுகிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: மேனுவலில் தொடங்காதீர்கள். அபெர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்ற மூன்று திருகுகளை ஒரே நேரத்தில் திருப்பிக்கொண்டிருந்தால் எதனால் படம் மாறியது என்று உங்களுக்கே தெரியாது. அபெர்ச்சர் ப்ரையாரிட்டி மோடு (டயலில் 'ஏ' அல்லது 'ஏவி' என்று இருக்கும்) கற்றுக்கொள்ள நல்ல இடம். அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) நீங்கள் வைப்பீர்கள், ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே விழும் நேரம்) கேமரா பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ.வை (ஒளியைக் கூட்டிக் காட்டும் அளவு) ஆட்டோவில் விட்டுவிட்டு, அதன் மெனுவுக்குள் இருக்கும் 'குறைந்தபட்ச ஷட்டர் வேகம்' என்பதை 1/125 நொடி என்று வையுங்கள். பலர் இதை வைக்க மறந்துவிடுகிறார்கள். வெளிச்சம் குறையும்போது கேமரா சத்தமில்லாமல் 1/30க்கு இறங்கிவிடும். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் மாலைப் படங்கள் எல்லாம் கலங்கிக் கிடக்கும்.

அடுத்து 'ஸ்டாப்' என்ற கணக்கு. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற அபெர்ச்சர் எண் (எஃப் எண்) வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகக் குறையும். எண் ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்றால், அது லென்ஸின் குவியத்தூரத்தை (லென்ஸின் மேல் மி.மீ.யில் எழுதியிருக்கும் எண்) அபெர்ச்சர் துளையின் விட்டத்தால் வகுத்த விடை. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ. அகலம், எஃப் 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகிவிடும், அதனால்தான் 2க்கும் 4க்கும் நடுவில் 2.8 என்று ஒரு படி தேவைப்படுகிறது. ஷட்டரிலும் ஐ.எஸ்.ஓ.விலும் கணக்கு எளிது: இரட்டித்தால் ஒரு ஸ்டாப், பாதியாக்கினால் ஒரு ஸ்டாப்.

இது கைக்கு வந்ததும் ஒரு பயிற்சி. ஐ.எஸ்.ஓ.வை 400ல் நிறுத்திவிட்டு, ஒரே காட்சியை எஃப் 8, 1/125 என்று ஒருமுறையும் எஃப் 4, 1/500 என்று ஒருமுறையும் எடுங்கள். இரண்டிலும் வெளிச்சம் ஒன்றுதான், படம் வேறு. ஒன்றில் பின்னணி தெளிவாக நிற்கும், நகரும் கை லேசாக இழுபடும். மற்றதில் பின்னணி கரையும், கை உறைந்து நிற்கும். எந்தப் படம் வேண்டும் என்பதைக் கேமரா சொல்லாது.

மேனுவல் எப்போது என்றால், வெளிச்சம் மாறாமல் காட்சி மட்டும் மாறும்போது. மேடை நிகழ்ச்சி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பேசும் மனிதர், ஃப்ளாஷ், பக்கம் பக்கமாக எடுத்து ஒட்டும் பனோரமா. இங்கெல்லாம் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஃபிரேமுக்குள் வந்தாலே தானியங்கி எக்ஸ்போஷர் (படத்தில் பதிவாகும் ஒளியின் அளவு) ஏறிக்கொள்ளும். மேனுவலில் ஒருமுறை வைத்துவிட்டால் அப்படியே நிற்கும்.

கேள்வி: விலை கூடிய லென்ஸ்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் பத்துக்கு நாலு படம் தெளிவில்லை. லென்ஸில் கோளாறா?

பதில்: கோளாறு லென்ஸில் இருப்பது அபூர்வம். 'தெளிவில்லை' என்று நாம் மொத்தமாகச் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு தவறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. படத்தைக் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எது எப்படிக் கலங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

படம் முழுவதும், நிற்கும் சுவர் உட்பட, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். புள்ளியாக இருக்கவேண்டிய விளக்கு சின்னக் கோடாகியிருக்கும். ஷட்டர் வேகத்தின் கீழ் எண், லென்ஸின் குவியத்தூரத்துக்குக் குறையக்கூடாது என்பது பழைய விதி: 50 மி.மீ.க்கு 1/50, 200 மி.மீ.க்கு 1/200. ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சாரில் குவியத்தூரத்தை 1.5ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இந்த விதி ஃபிலிம் காலத்தது. இன்றைய 24 மெகாபிக்சல் கோப்பைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் இரட்டித்துக்கொள்வது நல்லது. ஷட்டரைக் குத்தாமல் விரலை உருட்டுவதுபோல் அழுத்துங்கள். வேறு வழியில்லாத மெதுவான வேகத்தில் தொடர் ஷாட்டில் மூன்று படம் தட்டினால் இரண்டாவது பெரும்பாலும் நன்றாக இருக்கும், ஏனென்றால் விரலின் அசைவு முதல் படத்தோடு முடிந்துவிடுகிறது.

சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால், அசைந்தது ஆள். லென்ஸிலோ கேமரா உடலிலோ இருக்கும் ஸ்டெபிலைசர் இதற்கு உதவாது. அது உங்கள் கையைத்தான் நிலைப்படுத்தும், எதிரில் இருப்பவரை அல்ல. கையை ஆட்டிப் பேசுபவருக்கு 1/125, குறுக்கே நடப்பவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500க்கு மேல், பறக்கும் பறவைக்கு 1/2000 அளவில் தேவைப்படும். நம்மை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே போகிறவருக்கு வேகம் அதிகம் வேண்டும்.

படத்தில் ஏதோ ஒரு இடம் நல்ல தெளிவு, ஆனால் அது நீங்கள் கேட்ட இடம் இல்லை என்றால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. கண்ணுக்குப் பதில் காது, முகத்துக்குப் பதில் பின்னால் உள்ள செடி. எல்லாப் புள்ளிகளும் இயங்கும் அமைப்பில் கேமரா பெரும்பாலும் தனக்கு மிக அருகில் இருப்பதையோ, மாறுபாடு தூக்கலாகத் தெரிவதையோ பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி அதைக் கண்ணின் மேல் நகர்த்துங்கள்; கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்து, ஷட்டரைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி ஃபிரேம் அமைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தூரத்துக் காட்சிக்குப் பாதகமில்லை. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8ல் இதைச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். கேமராவை 15 டிகிரி திருப்பும்போது ஃபோகஸ் தளமும் கூடவே திரும்பி, ஆளுக்கு ஏறக்குறைய மூன்றரை செ.மீ. பின்னால் போய்விடுகிறது. அங்கே மொத்தத் தெளிவே நாலு செ.மீ.தான்.

இந்த மூன்றையும் சரிசெய்த பிறகும் ஃபோகஸ் எப்போதும் ஒரே பக்கமாக, முன்னாலோ பின்னாலோ, தவறுகிறதா? கேமரா கண்ணாடி வைத்த பழைய எஸ்.எல்.ஆர். வகை என்றால் மட்டும் லென்ஸைச் சந்தேகப்படலாம். அந்த வகையில் ஃபோகஸ் அளக்கும் உணரி தனியாக இருப்பதால் சிறு முரண்பாடு வரும். பல மாடல்களில் அதைத் திருத்த மெனுவில் வழி உண்டு. மிரர்லெஸ் கேமரா படம் விழும் சென்சாரிலேயே அளப்பதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

கேள்வி: எஃப் 1.8 லென்ஸ் வாங்கிய பிறகு ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வருகிறது. இரண்டு வரிசையாக நிற்கும் குழுப் படத்தில் பின்வரிசை போயே போய்விட்டது.

பதில்: லென்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 50 மி.மீ., எஃப் 1.8, ஒரு மீட்டர் தூரம் என்றால் தெளிவாகத் தெரியும் ஆழம் நாலு செ.மீ. சொச்சம். அதே ஒரு மீட்டரில் 85 மி.மீ. என்றால் ஒன்றரை செ.மீ. முகத்தைச் சற்றே திருப்பினால் இரண்டு கண்களுக்கும் இடையே அதைவிட அதிகத் தூர வித்தியாசம் வந்துவிடும். தனி முகத்துக்கு எஃப் 2.8 அல்லது 4 வையுங்கள், பின்னணி அப்போதும் கரையும். அது இன்னும் கரைய வேண்டுமென்றால் அபெர்ச்சரைத் திறப்பதைவிட ஆளைச் சுவரிலிருந்து மூன்று நாலு மீட்டர் முன்னால் கொண்டுவருவது மேல்.

இரண்டு வரிசைக் குழுவுக்கு எஃப் 5.6, முன்வரிசைக் கண்ணில் ஃபோகஸ். 50 மி.மீ. லென்ஸோடு நாலு மீட்டர் தள்ளி நின்றால் இரண்டு மீட்டர் ஆழம் கிடைக்கும். மூன்று வரிசைக்கு எஃப் 8. 'தெளிவுதானே வேண்டும்' என்று எஃப் 22க்கு ஓடவேண்டாம்: சின்னத் துளை வழியே வரும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுக்க லேசாக மொத்தையாகும்.

கேள்வி: வெள்ளைச் சுவர் சாம்பலாக வருகிறது. கறுப்புப் பூனையும் சாம்பலாக வருகிறது!

பதில்: கேமராவின் ஒளிமானிக்கு வெள்ளை, கறுப்பு தெரியாது. எதைக் காட்டினாலும் 'இது நடுத்தரச் சாம்பல்' என்று நம்பி, அதற்கேற்றபடி எக்ஸ்போஷரைக் கூட்டும், குறைக்கும். எனவே வெள்ளை நிறைந்த ஃபிரேமுக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். பூனைக்கு –1 அளவில் இறக்குங்கள். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் கழி. கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. ஜன்னலை முதுகில் வைத்து நிற்பவரின் முகத்துக்கும் +1.5 அளவில் தேவைப்படும், வெளியே உள்ள காட்சி வெளிறிப்போவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐ.எஸ்.ஓ.வும் உங்கள் கையில் இருக்கும் முழு மேனுவலில் பெரும்பாலான கேமராக்களில் இந்தத் திருகு படத்தை மாற்றாது. இன்னொன்று, வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள். மறந்தால் மறுநாள் படம் முழுக்க வெளுத்திருக்கும்.

திரையின் பிரகாசத்தை நம்பி எக்ஸ்போஷரை முடிவு செய்யாதீர்கள். இருட்டில் மங்கலான படமும் திரையில் ஜொலிக்கும். ஹிஸ்டோகிராமை (இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடம்) பாருங்கள்: வலது விளிம்பில் கரடு முட்டி நின்றால் வெளிச்சப் பகுதியில் விவரம் போய்விட்டது என்று பொருள். அது விளக்காகவோ சூரியனாகவோ இருந்தால் போகட்டும். முகமாக இருந்தால் மறுபடி எடுங்கள்.

கேள்வி: ஐ.எஸ்.ஓ. 400ஐத் தாண்டினால் படம் கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலுக்கு முதல் காரணம் சென்சாருக்குப் போதிய ஒளி போகாததுதான். ஐ.எஸ்.ஓ. எண் அதைக் கூட்டிக் காட்டுகிறது, அவ்வளவே. 3200ல் சரியான எக்ஸ்போஷரில் எடுத்த படத்தையும், 'சுத்தமாக இருக்கட்டும்' என்று 800லேயே நின்று இரண்டு ஸ்டாப் இருட்டாக எடுத்துக் கணினியில் தூக்கிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது எந்த விதத்திலும் சுத்தமாக இருக்காது. பல கேமராக்களில் நிழல் பகுதி இன்னும் மோசமாகவே இருக்கும். இரைச்சலைப் பிற்பாடு குறைக்கலாம். ஆள் அசைந்து இழுபட்டதை எந்த மென்பொருளாலும் ஒழுங்காக மீட்க முடியாது.

கேள்வி: ரா கோப்பில் எடுத்தே ஆகவேண்டுமா?

பதில்: சென்சார் பதித்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்புதான் ரா. திருத்தும் எண்ணம் இருந்தால் எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. நிழலைத் தூக்கும்போது ஜேபெக் வானத்தில் பட்டை பட்டையாக வருவது படிகள் போதாமல்தான். ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) பூட்டப்படுவதில்லை, பிறகு மாற்றலாம். ஆனால் ரா என்பது அரைத்த மாவு மாதிரி, தோசையை நீங்கள்தான் சுட வேண்டும். திருத்த நேரமில்லாதவர் ராவையும் ஜேபெக்கையும் சேர்த்துப் பதிவு செய்யும் அமைப்பில் விட்டுவிடலாம். முக்கியமானதற்கு ராவைத் திறக்கலாம், மற்றதெல்லாம் ஜேபெக்கில் போகட்டும்.

கேள்வி: எல்.இ.டி. விளக்கின் கீழ் எடுத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன.

பதில்: மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120. எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாறினால் பட்டை பெரும்பாலும் குறைந்துவிடும்.

கேள்வி: என்னிடம் ஃபோன் மட்டும்தான். இதில் எடுத்தால் எல்லோர் மூக்கும் பெரிதாகத் தெரிகிறது. ஃபோனில் தனிப் பாணி வளர முடியுமா?

பதில்: மூக்கின் கதையை முதலில் முடிப்போம். முகத்தை உருமாற்றுவது தூரம். லென்ஸை நாம் வீணாகப் பழிக்கிறோம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் ஏறக்குறைய 12 செ.மீ. இருக்கும். 30 செ.மீ.யில் ஃபோனை நீட்டினால் காதைவிட மூக்கு கேமராவுக்கு அத்தனை நெருக்கம். காதோடு ஒப்பிட 40 சதவீதம் ஊதித் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் அது 8 சதவீதமாகச் சுருங்கிவிடும். எனவே பின்னால் போங்கள், இரண்டு மடங்கு ஜூம் பொத்தானை அழுத்துங்கள். அகன்ற கோணத்தில் கிட்டே போய் நிற்பதுதான் முகப் படத்துக்கு எதிரி.

வேறு இரண்டு விஷயம். ஃபோன் லென்ஸில் விரல் எண்ணெய் படிந்துதான் விளக்குகளைச் சுற்றிப் புகை மண்டலம் வருகிறது. எடுப்பதற்கு முன் பருத்தித் துணியால் துடையுங்கள். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்துச் சற்று இருட்டாக்குங்கள். தானாக விட்டால் ஃபோன் நிழலையெல்லாம் தூக்கி எல்லாவற்றையும் சமமாக்கிவிடும், வெளிச்சத்தின் திசையே தெரியாது.

பாணி வளருமா என்றால், தாராளமாக. ஒரே குவியத்தூரம், மாறாத அபெர்ச்சர் என்ற கட்டுப்பாடு வேறு யாராவது திணித்தால் கசக்கும், ஆனால் பயிற்சிக்கு அதைவிட நல்லது இல்லை. நிற்கும் இடத்தையும் வெளிச்சத்தையும் தவிர மாற்ற வேறு எதுவும் கையில் இருக்காது.

கேள்வி: ஒரே மாதிரி பிரிசெட்டைப் போட்டு என் படங்களுக்கு ஒரு 'லுக்' கொண்டுவரப் பார்க்கிறேன். சில படங்களில் அழகாக வருகிறது, சிலவற்றில் தோல் ஆரஞ்சாகிறது. என் பாணியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இந்த மாதம் இதே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. சேர்த்தே பேசிவிடுவோம்.

ஆரஞ்சுத் தோலுக்குக் காரணம் எளிது. பிரிசெட் (முன்கூட்டியே சேமித்துவைத்த திருத்த அமைப்பு) என்பது ஏதோ ஒரு படத்தின் வெளிச்சத்துக்கும் ஒயிட் பேலன்ஸுக்கும் அளந்து தைத்த சட்டை. நடுப்பகல் வெயில் 5500 கெல்வின் அளவில் இருக்கும், நிழல் 7000க்கு மேல், பழைய குண்டு பல்ப் 2800 சுற்றி. அத்தனைக்கும் அதே சட்டையை மாட்டினால் எங்கேயோ இறுக்கும். முதலில் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் படத்துக்குப் படம் சரிசெய்யுங்கள், அதன்பிறகு பிரிசெட். இன்னும் தோல் எரிந்தால், நிறத் திருத்தத்தில் ஆரஞ்சின் அடர்த்தியை மட்டும் 10, 15 புள்ளி குறையுங்கள்.

இனிப் பாணிக்கு வருவோம். ஒரு சோதனை: உங்கள் படங்கள் இருபதையும் நண்பருடைய படங்கள் இருபதையும் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிக் கலந்து வையுங்கள். மூன்றாவது ஆள் ஒருவரால் பிரித்து எடுக்க முடிகிறதா? முடிந்தால் பாணி இருக்கிறது. முடியாவிட்டால் இதுவரை இருந்தது பிரிசெட் மட்டும்தான். ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் எடுக்கும் முடிவுகள்தான் பாணி: எவ்வளவு தூரம், கேமரா எந்த உயரம், வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு, அசைவின் எந்தக் கணம். நிறம் இந்தப் பட்டியலுக்குக் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்வது.

கண்டுபிடிக்கும் வழி கொஞ்சம் கணக்குப்பிள்ளை வேலைதான். கடந்த இரண்டு வருடப் படங்களில், தொலைந்துபோனால் மனது வலிக்கும் என்று தோன்றும் 40ஐ எடுங்கள். பாராட்டு வாங்கியவை வேண்டாம், உங்களுக்குப் பிடித்தவை. ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு படத்துக்கும் எழுதுங்கள்: குவியத்தூரம் (கோப்பின் விவரத்திலேயே இருக்கும்), ஆளிடமிருந்தோ பொருளிடமிருந்தோ உத்தேசத் தூரம், கேமரா இடுப்பளவா கண்ணளவா அதற்கு மேலா, வெளிச்சம் முன்னாலா பக்கத்திலா பின்னாலா, மனிதர் உண்டா, இருந்தால் நம்மைப் பார்க்கிறாரா, படத்தில் முக்கிய நிறங்கள் எத்தனை. 40ல் 25க்கு மேல் எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்கு வட்டம் போடுங்கள். பலருக்கு இங்கே ஆச்சரியம் காத்திருக்கும். பறவைப் படக்காரர் என்று தன்னை நினைத்திருப்பவரின் 40ல் பறவை ஆறே இருக்கும், மீதியெல்லாம் பக்க வெளிச்சத்தில் காலியான அறைகளாக இருக்கலாம்.

வட்டம் விழுந்த எல்லாமே பாணி ஆகிவிடாது. சில வெறும் பயம். எல்லாப் படமும் 200 மி.மீ.யில், எட்டு மீட்டர் தள்ளி, முதுகுப் பக்கமிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அது ரசனையாகவும் இருக்கலாம், கிட்டே போய்ப் பேசும் கூச்சமாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு வாரம் நேரெதிராகச் செய்யுங்கள்: 35 மி.மீ., ஒன்றரை மீட்டர், அனுமதி கேட்டு, முகத்துக்கு நேராக. அதன்பிறகும் மனம் அந்த எட்டு மீட்டருக்கே திரும்பினால் அது உங்களுடையது, தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே எடுத்தவை பிடித்துப்போனால் இதுவரை கூச்சம்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகு எட்டு வாரம் ஒரு லென்ஸ், ஒரு வகை வெளிச்சம், ஒரு பொருள். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 30 படத்துக்கு மேல் வேண்டாம். மூன்றாம் வாரம் அலுப்புத் தட்டும். தெரிந்த படங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டதால் வரும் அலுப்பு அது. பெரும்பாலோர் அங்கேதான் புது லென்ஸ் தேடக் கிளம்புகிறார்கள்.

கேள்வி: பெரிய கலைஞர்களைப் பார்த்து அதேபோல் எடுத்துப் பழகுவது தவறா? அப்புறம் என் பாணி எப்படி வரும்?

பதில்: பழகுவது தவறில்லை, எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மேல்தோலைப் பார்க்காமல் அவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டைப் பாருங்கள். ஜெர்மனியின் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் தொழிற்சாலைக் கட்டுமானங்களையும் எடுத்தார்கள். மேகம் மூடிய நாளின் நிழலற்ற வெளிச்சம், நேர்முகமான கோணம், சாயாத கோடுகள். அதனால்தான் படங்களை வரிசையாக மாட்டும்போது கோபுரங்களின் வடிவ வித்தியாசம் மட்டும் கண்ணில் நிற்கிறது. ஒரு நாள் வெயிலில் எடுத்திருந்தால் ஒப்பீடே உடைந்திருக்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1948ல் ஸ்டூடியோவில் இரண்டு தட்டிகளைக் குறுகலாகச் சேர்த்து ஒரு மூலை செய்தார்; வந்த பிரபலங்களை அதற்குள் நிறுத்தினார். ஒருவர் சுவரில் சாய்வார், ஒருவர் கைகளால் தள்ளுவார். மூலை ஒன்றுதான், ஆள் வேறு. அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் விவியன் மேயரின் தெருப் படங்கள் பலவற்றில் மனிதர்கள் ஓங்கி நிற்பதற்கு ஒரு காரணம், மேலே குனிந்து பார்க்கும் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை அவர் நெஞ்சுக்குக் கீழே பிடித்து எடுத்தது.

படத்தைப் பிரித்துப் படிக்கச் சில தடயங்கள் உண்டு. கண்ணின் கருவிழியில் தெரியும் வெளிச்சப் புள்ளியைப் பாருங்கள்: சதுரமாக இருந்தால் ஜன்னலோ பெட்டி விளக்கோ, வட்டமாக இருந்தால் குடையோ வட்டத் தட்டோ, கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் பக்கம் தெரிந்தால் விளக்கு நமக்கு இடப்புறம் மேலே. மூக்கின் நிழல் விளிம்பு கத்தரித்தாற்போல் இருந்தால் சின்ன விளக்கு அல்லது தூர விளக்கு. கரைந்திருந்தால் பெரியது, கிட்டே. இப்படி ஊகித்ததை அப்படியே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் முறை ஒரே ஒரு முடிவை மாற்றுங்கள், உதாரணமாக வெளிச்சம் அதேபோல் இருக்கட்டும், தூரத்தை மட்டும் இரட்டியுங்கள். மூன்றாம் முறை இன்னொன்றை. நாலைந்து சுற்றில் அவருடைய படம் கரைந்து வேறொன்று வந்திருக்கும். முதல் சுற்றுப் படங்கள் வீட்டுப்பாடம், அவற்றை உங்கள் படைப்பு என்று வெளியிடாதீர்கள்.

கேள்வி: கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கலைநயம் கூடுமா?

பதில்: கூடாது. நிறத்தால் மட்டும் நிற்கும் படம் விழுந்துவிடும், அவ்வளவுதான். பச்சை இலைக்கு நடுவே சிவப்புப் பூ கண்ணைப் பறிக்கும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிக் கலந்துவிடும். பழக ஆசை இருந்தால் ரா கோப்பில் வைத்து, திரைக் காட்சியை மட்டும் மோனோக்ரோமுக்கு மாற்றுங்கள். எடுக்கும்போது கண் வெளிச்சத்தையும் வடிவத்தையும் தேடும், கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: ஒரு நாளில் 600 படம் எடுத்துவிடுகிறேன். எதை வைப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை.

பதில்: அன்றைக்கே செய்யவேண்டியது ஒன்றுதான்: ஃபோகஸ் தவறியது, கண் மூடியது, கை தவறி அழுத்தியது ஆகியவற்றை அகற்றுவது. மற்றதைத் தொடாதீர்கள். எடுத்த அன்று நமக்குப் பிடிப்பது படம் அல்ல, அதை எடுக்கப் பட்ட பாடு. மரத்தில் ஏறி எடுத்தோம் என்பது பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திறந்து, வேகமாக, படத்துக்கு இரண்டு நொடிக்கு மேல் தராமல் ஒரு சுற்று. கை தானாக நின்ற இடத்துக்கு ஒரு நட்சத்திரம். 600க்கு 60 தேறினால் அதிகம். அந்த 60ஐ மட்டும் வைத்து இரண்டாம் சுற்றில், ஒரே காட்சியின் ஏழெட்டுப் பிரதிகளில் ஒன்றை நிறுத்துங்கள். இங்கே ஃபிரேமின் நாலு ஓரங்களையும் விரலால் சுற்றிப் பாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கை, தலைக்குப் பின்னால் முளைத்த கம்பம் எல்லாம் ஓரத்திலும் பின்னணியிலும்தான் ஒளிந்திருக்கும். இப்போது 20 அளவில் இருக்கும்.

அந்த 20ஐ நாலுக்கு ஆறு அங்குலத்தில் அச்சடித்துத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது தெரியாதது தரையில் தெரியும்: இரண்டு படம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டில் பலவீனமானதை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. 12ல் நின்றால் நல்ல தொகுப்பு. நீக்கியதை அழிக்காமல் தனி உறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை 40 படக் கட்டம் போடும்போது அந்த உறையிலிருந்தும் நாலைந்து எழுந்து வரும்.